அக்காவைக் கேட்காத ஆபரேஷன்

அத்தியாயம் 14

இஸ்திரிப் பெட்டி சூடேறி வெகு நேரமாகிவிட்டது. லாண்டரியக்கா இன்னும் முதல் சட்டையைக்கூட மேஜையில் விரிக்கவில்லை.

நேற்றுச் சாயங்காலம் தன் வெள்ளைக் கோட்டுகளை வாங்க வந்த நர்ஸ், படி இறங்கும்போது போகிற போக்கில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனாள் அல்லவா? "நாளைக்கு உங்க தம்பிக்கு இடுப்பு ஆபரேஷனாமே. பயப்படாதீங்க, எங்க டாக்டருக்குக் கைராசி." அந்த வார்த்தை ராத்திரி முழுக்க அவள் காதுக்குள் குடித்தனம் நடத்தியது.

ஊருக்கே தெரிந்திருக்கிறது. கூடப் பிறந்த அக்காவுக்குத் தெரியவில்லை.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன நாளிலிருந்து தம்பிக்கும் தங்கைக்கும் எல்லாமே அவள்தான். கல்யாணம், குழந்தை என்று எதற்கும் ஒதுங்காமல் இந்த லாண்டரியின் நீராவியிலேயே வெந்தவள். வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் டாக்டரிடம் போவதற்கு முன் இங்கே வந்து உட்காருவார்கள். அவள் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள், நாக்கை நீட்டச் சொல்வாள், மேஜை இழுப்பறையைத் திறந்து எவ்வளவு பணம் இருக்கிறதென்று பார்ப்பாள். பிறகு தீர்ப்பு வரும். ஒன்று, "இன்னிக்கே போ." இல்லையென்றால், "ரெண்டு நாள் பொறுத்துப் பாரு."

தம்பியின் இடுப்புக்கு மட்டும் எப்போதும் இரண்டாவது தீர்ப்புதான். லிஃப்ட் மெக்கானிக். கிணறு மாதிரி இருட்டுக் குழிகளில் ஏறி இறங்கி மூட்டு தேய்ந்துவிட்டது. ஒரு வருடம் தங்கையின் பிரசவம் சிக்கலாகிக் குறுக்கே வந்தது. இன்னொரு வருடம் வேறொன்று. "அடுத்த வருஷம் கண்டிப்பாப் பாத்துடலாம்டா" என்று அவள் சொல்வாள். அவன் தலையாட்டிவிட்டு, காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து போவான்.

அப்போதுதான் அரசாங்கம் எல்லாருக்கும் காப்பீடு என்று ஓர் அட்டையைக் கையில் கொடுத்தது. அட்டையைக் காட்டினால் பெரிய ஆஸ்பத்திரியிலும் வைத்தியம் உண்டு. பில் அரசாங்கத்துக்குப் போய்விடும். அது வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அன்றிலிருந்து லாண்டரியில் வந்து நெற்றியைக் காட்ட ஆளில்லை.

"கடையத் திறந்து வச்சுட்டு சும்மா நிக்கிறியே, என்னக்கா?"

வாசலில் தங்கை. முப்பத்தெட்டு வயதாகியும் அவள் இந்த வீட்டுக்குச் சின்னக்குட்டிதான்.

"உனக்குத் தெரியுமா?"

"எது?"

சின்னக்குட்டிக்குப் பொய் சொல்ல வராது. வாய் ஒன்று சொல்வதற்குள் முகம் வேறொன்றைச் சொல்லிவிடும். முகம் சொல்லிவிட்டது.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"போன மாசம். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு என் தலைல அடிச்சு சத்தியம் வாங்கிட்டான்க்கா. எனக்கு நெஞ்சே அடைச்சுப் போச்சு."

"உனக்கு நெஞ்சு அடைச்சிருந்தா நேரா டாக்டர்கிட்ட போயிருப்பியே."

அது குத்தல்தான். அட்டை வந்த பிறகு சின்னக்குட்டி காலையில் தும்மினால் மத்தியானம் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருப்பாள். பல், கண், முழங்கால், குதிகால் வெடிப்பு, ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

"அங்க உனக்குன்னு தனியா ஒரு நாற்காலி போட்டு வச்சிருக்காங்களாம்" என்றாள் அக்கா.

"சிரிச்சுக்கோ. எனக்கு மூக்கடைப்புன்னு போன இடத்துலதான் என் பொண்ணோட காதையும் பாத்தாங்க. உள்ள நீர் கோத்துக்கிட்டு சரியாவே கேக்கலையாம். சின்னதா ஒரு குழாய் வச்சு விட்டாங்க. இப்பப் பின்னாலேர்ந்து கூப்பிட்டாலும் திரும்புது. மந்தம் மந்தம்னு டீச்சர் திட்டினதெல்லாம் அதுக்குக் காதுலயே விழல, பாவம்."

அந்தக் குழந்தையைத் தன்னிடமும் ஒரு முறை கூட்டி வந்தாள் என்பது அக்காவுக்கு ஞாபகம் வந்தது. வளர்ந்தால் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பியதும் ஞாபகம் வந்தது. அவள் இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"எங்கன்னு வேற கேக்குறியா? பொண்ண ஸ்கூல்ல விட்டுட்டு நீயும் வந்து சேரு."

*

அந்த ஆஸ்பத்திரியை அவளுக்குப் பல வருடமாகத் தெரியும். முன்பெல்லாம் கூடத்தில் மெத்தை நாற்காலிகளும் பூஜாடிகளும் இருக்கும், பேசினால் எதிரொலிக்கும். இப்போது பூஜாடி இருந்த இடத்திலும் ஆள் உட்கார்ந்திருந்தார்கள். மெத்தை நாற்காலிகள் போய் வரிசை வரிசையாக இரும்பு நாற்காலிகள் வந்துவிட்டன. பணம் கட்டுகிற ஜன்னலில் இருந்தவன் கொட்டாவி விட, அட்டை ஜன்னலில் வரிசை வாசல் வரைக்கும் நீண்டிருந்தது.

வருடக்கணக்காக வீட்டுக்குள் சுருட்டி வைத்திருந்த நோவையெல்லாம் ஜனங்கள் இப்போதுதான் வெளியே எடுத்து வந்திருக்கிறார்கள் என்று தோன்றியது. குடலிறக்கத்தைத் துணிப் பட்டையால் இறுக்கிக் கட்டிக்கொண்டே மூட்டை தூக்கிய ஒருவர், பக்கத்தில் இருந்தவரிடம் அந்தப் பட்டையைத் தூக்கிக் காட்டி, "இது என்கூட எட்டு வருஷமா இருக்கு. என் பொண்டாட்டியே இவ்வளவு நெருக்கமா இருந்ததில்ல" என்று சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார்.

ஆபரேஷன் தியேட்டர் மூன்றாவது மாடி. லிஃப்டில் ஒரு தள்ளுகட்டில் ஏறிக்கொண்டிருந்தது. இந்த லிஃப்டைப் பராமரிப்பது தம்பிதான். இத்தனை நாளும் கருவிப் பெட்டியோடு பின்வாசல் வழியாக வந்தவன், இன்றைக்குத்தான் முன்வாசல் வழியாக வந்திருக்கிறான். காத்திருக்கப் பொறுமை இல்லாமல் அவள் படியேறினாள்.

முதல் மாடி தாண்டும்போதே மூச்சு முட்டியது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் கால் நின்றுவிட்டது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்தாள்.

"அண்ணி? இங்க ஏன் உக்காந்திருக்கீங்க?"

மேலேயிருந்து இறங்கி வந்தவள் தம்பியின் மனைவி. பேக்கரி ஒன்றில் கல்லாவில் உட்காருகிறவள். அதனால் கல்லாக்காரி என்று பெயர். பேச்சையும் சில்லறை மாதிரி எண்ணித்தான் கொடுப்பாள்.

"சும்மாதான். படி நல்லாக் கட்டியிருக்காங்க, பாத்துட்டு இருக்கேன்."

கல்லாக்காரி சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்களா?"

"இப்பத்தான். முதுகுல ஊசி போட்டுப் பண்றாங்க. மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிரும்னு சொன்னாங்க."

வார்டுப் பெண் ஒருத்தி வாளியோடு அவர்களைச் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனாள்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"அவர்தான் வேணாம்னார்."

"அதான் ஏன்னு கேக்கறேன்."

கல்லாக்காரி தன் கைகளைப் பார்த்தாள். "ஒரே ஒரு வாட்டி அக்கா முகத்தப் பாக்காம ஒரு காரியம் பண்றேன்னார்."

"என் முகத்துக்கு என்ன வந்துச்சு?"

"கேக்கும்போது உங்க முகம் கணக்குப் போடும் அண்ணி. அது உங்களுக்குத் தெரியாது, நாங்க பாத்திருக்கோம். எத நிறுத்திட்டு இதக் குடுக்கலாம்னு கண்ணு அப்படியே ஓடும். கடைசில குடுத்துருவீங்க. ஆனா அது ஓடி முடியற வரைக்கும் எதிர்ல நிக்கணும் பாருங்க, இடுப்பு வலியவிட அதுதான் அவருக்குப் பெரிய வலி."

லாண்டரியக்காவுக்குக் கன்னத்தில் அறை விழுந்த மாதிரி இருந்தது.

"நான் எப்பவாவது இல்லன்னு சொல்லியிருக்கேனா?"

"இல்ல. சொல்லியிருந்தா சண்ட போட்டிருப்பாரு. நீங்க குடுத்தீங்க. அதனால பேசாம இருந்துட்டாரு."

அவள் சாப்பாட்டைக் குறைத்தாள், தூக்கத்தைக் குறைத்தாள். முகத்தை மறைக்க மட்டும் யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. ஒன்றரை வருடமாக நெஞ்சில் கிடந்த கேள்வி தானாக வெளியே வந்தது.

"அட்டை வந்ததும் அக்கா வேண்டாதவளாயிட்டா. அப்படித்தானே? ஒரு நாள் எட்டிப் பாத்தீங்களா?"

கல்லாக்காரியின் குரல் தணிந்திருந்தது.

"நாங்க உங்கள தேடி வந்ததெல்லாம் நோவோடதான் அண்ணி. நோவு இல்லாம எப்படி வர்றது, வந்து என்ன பேசறதுன்னு எங்களுக்குத் தெரியல. ரெண்டு மூணு தடவ கடைத் தெருவரைக்கும் வந்துட்டுத் திரும்பியிருக்கோம்."

லாண்டரியக்கா தலையைத் திருப்பிக்கொண்டாள். கடைத் தெருவரைக்கும் வந்தார்களாம். அந்த நேரத்தில் அவள் உள்ளே நின்று, இந்தக் குடும்பம் தன்னை மறந்துவிட்டது என்று யாருடைய சட்டைக் கையையோ அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்திருப்பாள்.

"வந்தா ஒரு டீ குடிச்சிருக்கலாம்" என்றாள், எங்கோ பார்த்தபடி.

"இனிமே வர்றோம்."

எழுந்து நாலு படி ஏறினார்கள். மறுபடியும் அக்காவுக்கு நிற்க வேண்டியிருந்தது. கல்லாக்காரி இப்போதுதான் அவளைச் சரியாகப் பார்த்தாள். உதடு லேசாக நீலம் பூத்திருந்தது.

"உக்காந்து எந்திரிச்ச பிறகும் இப்படி வாங்குது. எத்தன நாளா?"

"நீராவில நிக்கிறவளுக்கு மூச்சு வாங்காம, பேக்கரில உக்காந்திருக்கிறவளுக்கா வாங்கும்?"

"ராத்திரி படுக்க முடியுதா?"

"சாஞ்சுக்குவேன். ரெண்டு தலகாணி." பிறகு, கேட்காமலே, "மூணு" என்றாள்.

"உங்க அட்டை எங்க?"

"பீரோல."

"ஒரு தடவகூட எடுக்கலையா?"

"எனக்கு என்ன கேடு? ஆளாளுக்குப் போய்க் கை வச்சா அது எத்தன நாளைக்குத் தாங்கும்? உங்க சின்னக்குட்டி ஒருத்தியே பாதிய முடிச்சிருப்பா. நெஜமா முடியாதவங்க வரும்போது அதுல ஏதாவது இருக்க வேணாமா?"

கல்லாக்காரி அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். "அது உங்க மேஜை இழுப்பறை இல்ல அண்ணி."

ஆனால் லாண்டரியக்கா அப்படித்தான் நினைத்திருந்தாள். எங்கேயோ ஒரு பெரிய மேஜைக்குப் பின்னால் தன்னை மாதிரியே ஒருத்தி உட்கார்ந்து, உதடு அசையக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பதாகவும், அவள் சிரமத்தைத் தான் கூட்டக் கூடாது என்றும்.

"நாடே சேந்து போடற பணம் அது. கடைக்கு வரி கட்டறீங்கல்ல? அதுல உங்களோடதும் இருக்கு. வாங்க."

"உன் புருஷன் உள்ள இருக்கான்."

"அவருக்கு ஆறு பேர் சுத்தி நிக்கிறாங்க. உங்களுக்கு நான் ஒருத்திதான் இருக்கேன். எந்திரிங்க."

*

அட்டை வீட்டில் இருந்தாலும் பரவாயில்லை, பெயரும் பிறந்த தேதியும் போதும் என்றார்கள். வரிசை நகர்ந்து அவர்கள் முறை வந்தபோது, உள்ளே இருந்தது சின்னப் பெண் டாக்டர். கோட்டின் காலர் சுருங்கியிருந்ததை லாண்டரியக்காவின் கண் முதலில் பார்த்தது.

டாக்டர் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டாள். இடது பக்கம் சாய்ந்து படுக்கச் சொல்லி மறுபடியும் கேட்டாள். கண்ணை மூடிக்கொண்டு, பக்கத்து வீட்டில் பேசுவதை ஒட்டுக் கேட்கிற மாதிரி, வெகு நேரம் கேட்டாள்.

"சின்ன வயசுல ஜுரம் வந்து மூட்டெல்லாம் வீங்கினது ஞாபகம் இருக்கா?"

"பத்து வயசுல. ஸ்கூலுக்குப் போகாம ரொம்ப நாள் படுத்திருந்தேன். அப்ப எங்க டாக்டரு? தானா வந்துச்சு, தானாப் போச்சு."

"போகும்போது இதயத்துல ஒரு தழும்ப விட்டுட்டுப் போயிருக்கு. உள்ள ஒரு வால்வு இருக்கும்மா, கதவு மாதிரி. அது சுருங்கிப் போய் முழுசாத் திறக்க மாட்டேங்குதுன்னு நினைக்கிறேன். ஸ்கேன் பண்ணிப் பாத்துரலாம். திறக்க வழி இருக்கு, கவலப்படாதீங்க."

"எவ்வளவு ஆகும்?"

"அரை மணி நேரம்" என்றாள் டாக்டர்.

லாண்டரியக்காவுக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் புரியவில்லை. முப்பது வருடமாக அவள் இந்தக் கேள்வியை டாக்டர்களிடம் கேட்டிருக்கிறாள். ஒருவரும் நேரத்தைச் சொன்னதில்லை. வெளியே வந்த பிறகு கல்லாக்காரியின் முகத்தைப் பார்த்தாள். இருவருக்கும் ஒரே சமயத்தில் சிரிப்பு வந்துவிட்டது. லாண்டரியக்காவுக்குச் சிரிப்பிலும் மூச்சு வாங்கியது.

*

ஸ்கேன் முடிந்து வரும்போது தம்பியை வார்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். ஆபரேஷன் நன்றாக முடிந்தது, நாளைக்கே எழுந்து நிற்க வைப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார் எலும்பு டாக்டர். சின்னக்குட்டி தலைமாட்டில் நின்றுகொண்டு, அவன் கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அக்காவைப் பார்த்ததும் அவன் எழ முயன்றான். இடுப்புக்குக் கீழே எதுவும் அவன் பேச்சைக் கேட்கவில்லை.

"யார் சொன்னா?"

"யார் சொல்லல?"

அவன் கண்ணை மூடித் திறந்தான். "கோபமாக்கா?"

"எந்திரிச்சு நட. அப்புறம் கோபப்படறேன்."

"லிஃப்ட்லதான வந்த?"

"படில."

"ஏன், நான் பாக்கற லிஃப்ட் மேல நம்பிக்கை இல்லையா?"

அவள் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கை பழக்கத்தில் போய்விட்டது. ஜுரமில்லை. கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள். ஆபரேஷனுக்குச் சொல்லாமல் போனதற்கு அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று அவளும் வேண்டிக்கொண்டாள்.

நர்ஸ் வந்து, வீட்டில் நடந்து பழக ஒரு வாக்கர் வேண்டும், அது மட்டும் காப்பீட்டில் வராது, வெளியே வாங்கிக்கொள்ளுங்கள் என்றாள்.

"அத நான் வாங்கறேன்" என்றாள் லாண்டரியக்கா, யாரும் வாயைத் திறப்பதற்குள்.

தம்பி அவள் முகத்தைப் பார்த்தான். அதில் எந்தக் கணக்கும் ஓடவில்லை.

"உயரம் சரியாப் பாத்து வாங்குக்கா" என்றான். "நான் என்ன குள்ளனா?"

"ரப்பர் கால் வச்சது வாங்குங்க அண்ணி. எங்க வீட்டுத் தரை வழுக்கும்" என்றாள் கல்லாக்காரி.

இரண்டு பேரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது அவளுக்குப் போதுமாக இருந்தது.

வார்டு வாசலில் இன்னொரு நர்ஸ் எட்டிப் பார்த்தாள். கையில் ஸ்கேன் உறை. "லாண்டரிக்காரம்மா இங்கதான இருக்கீங்க? இதய டாக்டர் கூப்பிடறார். கூட வீட்டு ஆள் யாராவது வரணும். ஒருத்தர் போதும்."

"அக்காவுக்கா?" தம்பி தலையைத் தூக்கினான். "அக்காவுக்கு என்ன?"

"ஒண்ணுமில்லடா. நீ படு."

சின்னக்குட்டி அதற்குள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தயாராகிவிட்டாள். ஆஸ்பத்திரி விவகாரத்தில் தன்னைவிட அனுபவசாலி யார் என்பது அவள் எண்ணம். லாண்டரியக்கா அவளைத் தாண்டிக் கல்லாக்காரியைப் பார்த்தாள்.

"நீ வா."

இதய டாக்டர் நரைத்த மனிதர். படத்தை வெளிச்சத்தில் மாட்டிவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வீட்ல முடிவெடுக்கறது யாரு?"

லாண்டரியக்கா வாயைத் திறந்தாள். இந்தக் கேள்விக்கு இது நாள் வரை அவள் ஒருத்திதான் பதில். மூச்சு பாதியில் நின்றது.

"என்கிட்ட சொல்லுங்க டாக்டர்" என்றாள் கல்லாக்காரி.

"அப்ப நீங்களும் உக்காருங்க. வால்வு ரொம்பவே சுருங்கியிருக்கு. நுரையீரல்ல நீர் கோக்க ஆரம்பிச்சிருக்கு. ஆனா கை மீறிப் போகல, நல்ல நேரத்துல கூட்டிட்டு வந்திருக்கீங்க. பலூன் வச்சுத் திறந்து பாக்கலாம். அது சரிப்படாதுன்னா வால்வையே மாத்தணும், அது பெரிய ஆபரேஷன். ரெண்டுல எதுன்னு, நாளைக்குத் தொண்டை வழியா இன்னொரு ஸ்கேன் எடுத்துட்டுத்தான் என்னால சொல்ல முடியும். ரெண்டுமே காப்பீட்டுல வரும். ஆனா இன்னிக்கு இவங்கள வீட்டுக்கு அனுப்ப எனக்கு மனசில்ல."

"கடை?" என்றாள் லாண்டரியக்கா. வேறு எதுவும் அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. "நாளைக்குக் குடுக்க வேண்டிய துணியெல்லாம் அப்படியே கிடக்கு."

"சாவியக் குடுங்க" என்று கல்லாக்காரி கையை நீட்டினாள். "பேக்கரிக்கு லீவு சொல்லிக்கறேன்."

"உனக்கு இஸ்திரி போடத் தெரியுமா?"

"தெரியாது."

"காலர்லேர்ந்து ஆரம்பிக்கணும். அப்புறம் கை. முதுகு கடைசில" என்றாள் லாண்டரியக்கா. சொல்லிக்கொண்டே இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்தாள்.